இறந்தவை: நான்கு

டேராடூன்
12.11.2022

அன்புள்ள அனிதா,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் முழங்கால் வலியில் தொடங்கி மீன் வரத்து வரை மூன்று பக்கம் எழுதுவாய். சரி, எழுது. அதற்காகத்தான் போன் செய்யாமல் கடிதம் போடுகிறேன். போனில் நாம் இரண்டு பேரும் சிரித்தே நேரத்தைத் தீர்த்துவிடுகிறோம்.

ஒரு பெரிய செய்தி. பங்குனி ஆமைக்கு மீட்பு இலக்கு வகுக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கரையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. "ஆமை பெருக வேண்டும்" என்று சும்மா எழுதினால் அது ஆசை. ஒரு பருவத்தில் எத்தனை முட்டைக்குழி இருக்க வேண்டும், அது எத்தனை வருஷம் தொடர வேண்டும், எத்தனைக்கு மேல் சாகக் கூடாது, இந்த மூன்றையும் எண்ணாக எழுதினால்தான் இலக்கு. அதை எட்டினால்தான் ஒருநாள் "இந்த இனம் பிழைத்துவிட்டது" என்று சொல்ல முடியும்.

எண் எங்கிருந்து வரும்? பெரிய பெரிய கரைகளில்கூட இரண்டு வருஷம் எண்ணுவார்கள், மூன்றாம் வருஷம் ஆள் இருக்காது. பன்னிரண்டு வருஷம் ஒரு நாள் விடாமல் விடியற்காலையில் நடந்து எழுதின நோட்டு எனக்குத் தெரிந்து ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அந்த நோட்டுகளை அப்படியே அனுப்பு. நகல் வேண்டாம். மீன் வாடையோடு வரட்டும், இங்கே ஆய்வு நிலையத்தில் இருப்பவர்கள் முகர்ந்து பார்க்கட்டும்.

பாகூர் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உன் கணக்குப் பரீட்சையைப் பார்த்து எழுதினவள் நான். இருபது வருஷம் கழித்தும் உன் கணக்கைத்தான் பார்த்து எழுதப் போகிறேன். தங்கராசு அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன்
கஸ்தூரி

*

மணப்பட்டு
4.12.2022

என் ஆமைக்காரி கஸ்தூரிக்கு,

மீன்காரி எழுதுவது. முழங்கால் வலிக்கிறது. மீன் வரத்து இல்லை. இனி கேட்காதே.

உன் கடிதத்தைத் தங்கராசிடம் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "இன்னாடி, நீ எழுதுறத டில்லிக்காரன் படிக்கப் போறானா? அப்ப எழுத்த கொஞ்சம் அழகா எழுதக் கூடாதா" என்றார். பன்னிரண்டு வருஷமாக ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் நோட்டுமாக எழுதுகிற பெண்டாட்டியைப் பார்த்துப் புருஷன் சொல்கிற பேச்சா இது? அவர் இப்போது இழுவலை போடும் விசைப்படகில் டிரைவர். சொந்த ஃபைபர் படகை விட்டு ஒரு வருஷமாகிறது. ஐந்து நாள் கடல், ஒரு நாள் வீடு. அந்த ஒரு நாளும் தூக்கம்.

நோட்டு பன்னிரண்டையும் பழைய புடவையில் சுற்றிப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். புடவையைத் திருப்பி அனுப்பு. 2015 நோட்டில் நடுவே நான்கு பக்கம் ஒட்டியிருக்கும். மழையில் நனைந்தது. பிரிக்கும்போது கிழித்துவிடாதே.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று உன் அத்தை அன்றைக்கு என்னையே பார்த்துச் சொன்னார். நீ கரும்புக்கார வீட்டுப் பெண், குருவிநத்தத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து மீனவர் குப்பத்தில் கிடக்கிறாய் என்று அவருக்கு வயிற்றெரிச்சல். இப்போது பார், உன் வீட்டில் ஆமை புகுந்து உன்னை டேராடூன் வரைக்கும் கொண்டுபோய்விட்டது. என்னை இதே மணலில் நடக்க விட்டுவிட்டு நீ ரயிலேறினாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

சவுக்குத் தோப்பு ஓரம் பனை வரிசை நன்றாக வந்திருக்கிறது. தெற்குக் கோடியில் நீ ஊன்றின முதல் பனை என் தலைக்கு மேல் போய்விட்டது. படம் எடுத்து உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உன்
அனிதா

*

டேராடூன்
9.3.2023

அன்புள்ள அனிதா,

புடவை தனியாக வரும். துவைத்தும் வாடை போகவில்லை, நான் பொறுப்பில்லை. பனை படம் அழகு. மேசை மேல் வைத்திருக்கிறேன்.

நோட்டுகளைப் பார்த்து இங்கே எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். குழி, முட்டை எண்ணிக்கை, காற்று எந்தப் பக்கம், நாய் தோண்டியதா, பொரிப்பகத்துக்கு மாற்றியதா, எதையும் நீ விடவில்லை. கடைசி மூன்று பருவத்தின் சராசரி நாற்பத்திரண்டு குழி. அதைத்தான் தொடக்க எண்ணாக வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கடைசிப் பத்தியில் "இறந்தவை" என்று தலைப்பிட்டிருக்கிறாய். பன்னிரண்டு வருஷத்தில் மொத்தம் நான்கு. நமக்கு வடக்கே இதே அளவு கரையில் ஒரே பருவத்தில் முப்பது, நாற்பது என்று எழுதுகிறார்கள். குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருஷம் இந்த வேலையில் இருப்பவர். "சாவே இல்லாத கரை என்று எதுவும் கிடையாது, அம்மா" என்கிறார்.

இது சின்ன விஷயம் இல்லை, அனிதா. சாவு அதிகம் என்றால், தையிலிருந்து பங்குனி வரை கரையோரக் கடலில் இழுவலையை நிறுத்த வேண்டும், ஆமை தப்பிக்கும் கதவு வைத்த வலையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று எழுதுவேன். சாவு குறைவு என்றால் கடலைத் தொடாமல் முட்டையை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று எழுதுவேன். இரண்டில் எது என்பதை இந்தப் பத்திதான் சொல்லும்.

அதனால் ஒரே ஒரு தடவை கேட்கிறேன். நான்கு சரிதானா?

உன்
கஸ்தூரி

*

மணப்பட்டு
2.4.2023

அன்புள்ள கஸ்தூரிக்கு,

எழுதினதுதான் கணக்கு.

2013இல் மாசி மகத்தன்று ஒன்று ஒதுங்கியது, சாமி பார்க்க வந்த அத்தனை ஜனமும் பார்த்தது. 2016இல் ஒன்றை வனத்துறைக்காரர்களே வந்து தூக்கினார்கள். 2018இல் ஒன்று, 2021இல் ஒன்று, இரண்டையும் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். நான்கும் நோட்டில் இருக்கிறது.

எங்கள் கரை வேறு, வடக்குக் கரை வேறு. அந்தப் பெரியவரை ஒருநாள் வந்து என்னோடு நடக்கச் சொல். முழங்கால் தாங்குமா என்று பார்ப்போம்.

உன் அப்பாவைப் போன வாரம் பாகூர் சந்தையில் பார்த்தேன். வஞ்சிரம் கேட்டார், இல்லை என்றேன், சங்கரா கொடுத்தேன். இளைத்துவிட்டார். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. அவ்வளவுதான் செய்தி. கூடை காத்திருக்கிறது, முடிக்கிறேன்.

அனிதா

*

டேராடூன்
17.2.2024

அடி அனிதா,

வந்துவிட்டது! அச்சடித்த திட்டம் என் கையில் இருக்கிறது. உனக்கு ஒரு பிரதி இந்த உறையிலேயே. நாற்பத்தேழாம் பக்கத்தைத் திற. "மணப்பட்டு" என்று உன் ஊர்ப் பெயர். கீழே உன் பெயர்.

இலக்கு இதுதான்: நாற்பத்திரண்டு குழி பத்து வருஷத்தில் தொண்ணூறு ஆக வேண்டும். அதில் கடைசி ஐந்து வருஷம் எண்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது. பொரிப்பகம் இரண்டு. இரவு வெளிச்சம் கரையில் விழக் கூடாது. சாவைப் பற்றி "தற்போதைய நிலையே இலக்கு, அதைத் தொடர வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. அதாவது மற்ற கரைகள் போக வேண்டிய இடத்தில் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள்.

அந்தப் பெரியவர் கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கடலை மூடும் வரியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று கடைசிக் கூட்டத்தில் நின்றார். நான் எழுந்து, "அந்தக் கரையை எனக்குத் தெரியும். அதில் நடப்பவளை எனக்கு என் கையைப் போலத் தெரியும்" என்றேன். மீனவர்களைக் குற்றவாளியாக்காமலே ஆமையைக் காப்பாற்றலாம் என்பதற்கு மணப்பட்டுதான் சாட்சி என்றேன். கை தட்டினார்கள். பெரியவர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

ஏன் போன ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை? கேள்வி கேட்டதற்குக் கோபமா? சரி, தப்புத்தான். கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

உன்
கஸ்தூரி

*

மணப்பட்டு
24.2.2025

கஸ்தூரி,

உன் புத்தகம் ஒரு வருஷமாக அலமாரியில் இருக்கிறது. நாற்பத்தேழாம் பக்கத்தை ஒரு தடவைதான் திறந்தேன். இந்தக் கடிதத்தை எட்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

நான்கு என்றது பொய்.

போன வாரம் ஆறு நாளில் பத்தொன்பது ஒதுங்கின. பத்தொன்பதையும் நான்தான் புதைத்தேன். இந்தப் பருவத்தில் இதுவரைக்கும் குழி ஒன்பது. நாற்பத்திரண்டும் இல்லை, தொண்ணூறும் இல்லை, ஒன்பது.

எங்கள் முறை உனக்குத் தெரியும். செத்த ஆமையை முதலில் பார்த்தவர்தான் புதைக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். மேலே ஒரு பனங்கொட்டை ஊன்ற வேண்டும். பிறகு அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. சொன்னால் வலை மறுபடியும் அதையே கொண்டுவரும் என்பார்கள். புதைக்கும் முன் ஊரார் கண்ணில் பட்டுவிட்டால் மறைக்க ஒன்றுமில்லை, பேசலாம். அந்த நான்கும் அப்படிப் பட்டவை.

தினமும் விடியற்காலையில் அந்தக் கரையில் முதலில் நடப்பவள் நான். அதனால் முதலில் பார்ப்பவளும் நான்தான். நடை தொடங்கின முதல் வருஷமே கேட்டேன், நோட்டில் எழுதினால் அது சொன்னதாகுமா என்று. அப்பா உயிரோடு இருந்தார். "எழுதுறதும் சொல்றதுதான்டி" என்றார். எழுதவில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் முறைமேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்வேன். நிறுத்தமாட்டேன். நீ ஒரே ஒரு தடவை கேட்கிறேன் என்று எழுதினாயே, அன்றைக்கு எனக்கு முறை ஞாபகத்துக்கு வரவில்லை. தங்கராசுதான் வந்தார். மூன்று மாசம் இழுவலையை நிறுத்தினால் அவர் எங்கே போவார்? கரைக்காரர்கள் "தேவேந்திரன் பொண்ணு எழுதித்தான் கடல மூடிட்டாங்க" என்று சொன்னால் நான் எந்தத் தெருவில் கூடை தூக்குவேன்? பயந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ அதை நம்பி எழுந்து நின்று பேசினாய்.

போன ஞாயிறு தங்கராசு கடலிலிருந்து வந்தார். சோறு போட்டேன், கை வைக்கவில்லை. "ஒரே இழுப்புல ஏழு. வலையோட மடியப் பிரிச்சா ஏழும் அப்படியே கிடக்குது. ஒண்ணு ஒண்ணாத் தூக்கித் தண்ணில வுட்டேன். ஒண்ணுகூட நீந்தலடி" என்றார். பிறகு, "நீ நோட்டுல எழுதுற இல்ல?" என்று கேட்டார். இல்லை, உனக்காகத்தான் எழுதாமல் விட்டேன் என்றேன். தட்டைத் தள்ளி வைத்தார். "நான் எழுதாதன்னு சொன்னனா? ஒரு வார்த்த என்னைக் கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை, கஸ்தூரி. இத்தனை வருஷத்தில் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று நானே நினைத்துக்கொண்டு, அதற்குப் பயந்து, உன்னிடம் பொய் சொன்னேன்.

எத்தனை என்று எனக்கு இப்போதும் எழுத வரவில்லை. ஆனால் எண்ணலாம். சவுக்குத் தோப்பு ஓரம் போய் பனையை எண்ணு. ஒரு பனைக்கு ஓர் ஆமை. உயரத்தைப் பார்த்தால் எந்த வருஷம் என்று உனக்கே தெரியும்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அனிதா

*

குருவிநத்தம்
20.5.2025

அனிதாவுக்கு,

அப்பாவைப் பார்க்க வந்து பத்து நாளாகிறது. உனக்குச் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை காலையில் மணப்பட்டுக்கு வந்தேன். எண்ணினேன். முளைத்து நிற்பவை இருநூற்றுப் பதினொன்று. முளைக்காதவை எத்தனையோ. வடக்குக் கோடியில் இந்த வருஷத்து மணல் மேடுகள் முப்பத்தாறு. அதில் சிலவற்றில் மஞ்சள் இன்னும் தெரிந்தது.

எண்ணி முடித்துவிட்டு உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே யாரிடமோ "பெரிய மீனு வூட்டுல கீது, சின்னத நீ எடுத்துக்க" என்று கத்திக்கொண்டிருந்தாய். குரல் அப்படியே இருக்கிறது. கதவைத் தட்டவில்லை. கோபம் இருந்திருந்தால் தட்டியிருப்பேன்.

இங்கே வருவதற்கு முன்பே குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தொடக்க எண் சரி, சாவு எண் தவறு, அந்தத் தவறு என் கையெழுத்தோடு போனது என்று எழுதினேன். பதில் வந்தது. வகுத்த இலக்கை ஐந்தாம் வருஷ மறுபரிசீலனையில்தான் மாற்ற முடியுமாம். அதாவது 2029. அதுவரை என் கடிதம் பின்னிணைப்பாக இருக்கும். அதுவரை இன்னும் நான்கு தை, நான்கு மாசி, நான்கு பங்குனி. உன்னால் கணக்குப் போட முடியும்.

அந்தப் பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உங்களுக்கு அந்தக் கரையைத் தெரியும் என்று சொன்னீர்களே" என்று மட்டும் கேட்டார்.

தெரியும், அனிதா. அதுதான் விஷயம். 2007 மாசியில், நாம் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது, தெற்குக் கோடியில் ஒதுங்கினதைக் கயிறு கட்டி நாம் இரண்டு பேரும்தான் இழுத்தோம். உன் அப்பா குழி வெட்டினார். கொட்டையை என் கையில் கொடுத்து, "ஊனுமா. ஊனிட்டு மறந்துடணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார். நான்தான் ஊன்றினேன். உன் படத்தில் அந்த மரத்துக்கு வடக்கே வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். அழகு என்று எழுதினேன். என் மேசை மேல் இரண்டு வருஷம் இருந்தது அந்தப் படம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது உன் நான்கைவிடப் பெரிய பொய்.

எனக்கு அந்த நான்கு வேண்டியிருந்தது. நம் ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று மேடையில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவைதான் கேட்பேன் என்று நான் சொன்னதே இரண்டாம் தடவை கேட்கப் பயந்துதான்.

இனி நோட்டை அலுவலகத்துக்கு அனுப்பு. முகவரி தனித் தாளில் இருக்கிறது. என் பெயர் போடாதே. அந்த வேலையை இனி வேறொருவர் பார்ப்பார். இது உனக்குத் தண்டனை இல்லை. கேட்பவளும் சொல்பவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களாக இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. என்னிடம் நோட்டு வராவிட்டால் உன் கடிதமும் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

முழங்காலுக்கு வைத்தியரைப் பார்.

கஸ்தூரி

*

மணப்பட்டு
14.4.2026

மதிப்பிற்குரிய திட்ட அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து, மணப்பட்டுக் கரையின் இந்தப் பருவக் கணக்கை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

முட்டைக்குழி: பதினேழு.
இறந்தவை: முப்பத்தெட்டு.

இறந்தவை ஒவ்வொன்றுக்கும் நாளும் இடமும் எழுதியிருக்கிறேன். கடலில் இறந்தவை ஒன்பது. அதை விசைப்படகு டிரைவர் தங்கராசு தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுத்து அழகாக இருக்காது, பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தே. அனிதா

பின்குறிப்பு: இது அலுவலகத்துக்கு இல்லை. இந்த உறையைப் பிரிப்பவர்கள் கஸ்தூரி அம்மாவைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லவும். தெற்குக் கோடியில் அவர் ஊன்றின முதல் பனை பெண் பனை. இந்த வருஷம் காய் விட்டிருக்கிறது. ஆவணியில் பழம் விழும். இனிமேல் கொட்டைக்கு நான் வேறெங்கும் போக வேண்டியதில்லை.